பன்னிரண்டு ஆதாரம், ஒரே வாய்

பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, ஆய்வுத் தலைப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டிருந்தார். பக்கத்தில் ஒரே வார்த்தை: வேண்டாம்.

வார்டு சிஸ்டர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தொரு வயதில், பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் கால் கடுக்க நின்றுவிட்டு, மாலையில் கல்லூரிக்கு வந்து பொதுச் சுகாதாரம் படிப்பவள். வகுப்பில் மற்றவர்களுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான்.

"ஏன் சார் வேண்டாம்?"

"புதுசா என்ன கண்டுபிடிக்கப் போறீங்க? கிழக்குப் பகுதித் தண்ணி விவகாரத்தை ஏழு வருஷத்துக்கு முன்னாடியே அலசிக் காயப்போட்டாச்சு." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து அவள் முன் தள்ளினார். "பன்னிரண்டு ஆதாரம். தினசரி, வாரப் பத்திரிகை, நீர்வாரியத்தோட ஆண்டறிக்கை, பாடப்புத்தகம். என் புத்தகமும் இருக்கு. பன்னிரண்டும் ஒண்ணையேதான் சொல்லுது. பம்ப் ஆபரேட்டர் குளோரின் வால்வைத் திறக்க மறந்துட்டான். ஒன்பது பேர் செத்தாங்க. அவ்வளவுதான்."

"அப்போ பன்னிரண்டையும் படிச்சுடறேன் சார். படிச்சப்புறமும் நீங்க சொல்றது சரின்னு பட்டா, தலைப்பை மாத்திக்கறேன்."

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்தது. பிடிவாதக்காரக் குழந்தைக்குச் சாக்லேட் கொடுப்பதுபோலப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். அந்த ஆபரேட்டர் தன் கூடப்பிறந்த அண்ணன் என்பதை அவள் அப்போது சொல்லவில்லை.

அண்ணனுக்கு அப்போது வயது முப்பத்தேழு. நீரேற்று நிலையத்தில் பதினாலு வருஷ வேலை. கிழக்குப் பகுதியில் வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடந்த அந்த வாரத்தில், செவ்வாய்க்கிழமை காலைப் பணியில் இருந்தவன் அவன். ஊர் முழுக்க வாய்விட்டுப் பேச ஆரம்பித்த நாளும் அதே செவ்வாய்தான். புதன் காலை வேலைக்குப் போனவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பத்திரிகைகளில் அவன் பெயர். மூன்று மாதத்தில் வேலை போனது. தெருப் பிள்ளைகள் அவனுக்குக் 'குளோரின்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள்; பிறகு பெரியவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். இப்போது ஒரு வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறான்.

யார் பேச்சுக் கொடுத்தாலும் அவன் சொல்வது ஒன்றுதான். "லாக் புக்கைப் பாருங்க. மணிக்கு மணி அளந்து எழுதியிருக்கேன். அதுல இருக்கு என் நியாயம்." ஏழு வருஷமாக இதைக் கேட்டுக் கேட்டு அண்ணிக்குக் காது புளித்துப்போயிருந்தது. தங்கைக்குப் புளிக்கவில்லை. அந்த லாக் புக்கைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான் அவள் இந்தப் படிப்பிலேயே சேர்ந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அவளுக்கென்று இன்னொரு உறுத்தலும் இருந்தது. அந்த வாரம் அவள் வார்டில் இருந்தாள். திங்கட்கிழமையே கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுக்கவைத்ததாக அவளுக்கு ஞாபகம். செவ்வாய்க்கிழமை ஒருவன் செய்த தப்புக்குத் திங்கட்கிழமையே எப்படி வயிறு கெடும்? அப்போது கேட்டாள். "உனக்குக் கிழமை குழம்பிப்போச்சு" என்றார்கள். வருஷம் ஆக ஆக, உண்மையிலேயே குழம்பித்தான் போனோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கல்லூரி நூலகத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். இருபத்தாறு வயது இருக்கும். பழைய காகிதத் தூசு ஆகாது. மூன்று வாக்கியத்துக்கு ஒரு தும்மல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் ஆதாரங்களின் வகைகள் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பாள். கட்டாய வகுப்பு, அதனால் பாதிப் பேர் தூங்குவார்கள். சிஸ்டர் தூங்காமல் குறிப்பு எடுத்திருந்தாள்.

பட்டியலை நீட்டியதும் நூலகப் பெண் ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டினாள். "எல்லாமே இங்க இருக்கு அக்கா. ஆனா ஒண்ணு செய்யுங்க. சும்மா படிக்காதீங்க. இவருக்கு இது எப்படித் தெரியும்னு ஒவ்வொருத்தரையும் கேளுங்க. யாரைக் கை காட்டறாரோ, அவரை நோக்கி ஒரு அம்பு போடுங்க."

"நீ வகுப்புல மூணு நிலைன்னு சொன்னியே, அதுல இதெல்லாம் எங்க வரும்?"

"அன்னைக்கு, அந்த இடத்துலயே பிறந்த காகிதம் முதல் நிலை. பதிவேடு, கடிதம், சோதனைக் குறிப்பு, நேர்ல பார்த்தவங்க வாக்குமூலம். அதையெல்லாம் பார்த்து இன்னொருத்தர் உட்கார்ந்து யோசிச்சு எழுதினது ரெண்டாம் நிலை. அப்படி எழுதினதைச் சேர்த்துச் சுருக்கிப் போட்டா மூணாம் நிலை. கலைக்களஞ்சியம், பாடப்புத்தகம்..." தும்மினாள். "உங்க பட்டியல்ல முதல் நிலைன்னு ஒண்ணுகூடக் கண்ணுல படல அக்கா. அதுவே கொஞ்சம் இடிக்குது."

நான்கு மாலைகள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து சிஸ்டர் அம்பு போட்டாள். கலைக்களஞ்சியம் பாடப்புத்தகத்தைக் கை காட்டியது. பாடப்புத்தகம் பேராசிரியரின் புத்தகத்தை. பேராசிரியர் ஆண்டறிக்கையையும் ஒரு வாரப் பத்திரிகையையும். வாரப் பத்திரிகை தினசரிகளை. ஐந்து தினசரிகளும் ஒரே வரியில் வந்து நின்றன: 'நீர்வாரியச் செய்திக்குறிப்பு தெரிவிக்கிறது.'

நான்காம் நாள்தான் அது அவள் கண்ணில் பட்டது. பேராசிரியரின் புத்தகத்தில், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், 'நாற்பத்தேழு வயது ஆபரேட்டர்' என்று இருந்தது. அச்சுப்பிழை போலும் என்று நினைத்தாள். பாடப்புத்தகத்தைப் பிரித்தாள். நாற்பத்தேழு. ஆண்டறிக்கை, வாரப் பத்திரிகை, தினசரிகள்... பன்னிரண்டிலும் நாற்பத்தேழு. முப்பத்தேழு வயது அண்ணனுக்கு ஒரே நாளில் பத்து வயதைக் கூட்டி வைத்திருந்தார்கள். ஒருவர்கூட அவனைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், தலையில் ஒரு நரைகூட இல்லாதவனை நாற்பத்தேழு என்று யார் எழுதுவார்கள்?

நூலகப் பெண் பழைய பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி, செய்திக்குறிப்பின் நகலையே எடுத்துவிட்டாள். புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று தேதி முத்திரை இருந்தது. அதிலும் நாற்பத்தேழு. ஆண்டறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தால், தண்ணீர் மாதிரி சோதனைக்கூடத்துக்குப் போனது வியாழன் காலை என்று அவர்களே எழுதியிருந்தார்கள்.

"சோதிக்கறதுக்கு முன்னாடியே காரணம் தெரிஞ்சுடுச்சா?" சிஸ்டருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசை மாணவன் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா அக்கா, இது நூலகம்." அப்படிச் சொன்ன நூலகப் பெண்ணுக்கே கண் பளபளத்தது. "உங்க கையில இருக்கறது பன்னிரண்டு ஆதாரம் இல்ல. ஒரே வாய். அந்த ஒரு வாய் சொன்னதைப் பன்னிரண்டு பேர் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லியிருக்காங்க."

"ஆனா இந்தச் செய்திக்குறிப்பு அன்னைக்கே பிறந்த காகிதம்தானே? அப்போ இதுவும் முதல் நிலைதானே?"

நூலகப் பெண் யோசித்தாள். "நீர்வாரியம் அன்னைக்கு என்ன சொல்லிச்சுங்கறதுக்கு இது முதல் நிலை ஆதாரம். தண்ணியில என்ன நடந்துச்சுங்கறதுக்கு இல்ல. நாம என்ன கேள்வி கேக்கறோம்கறதைப் பொறுத்து அது மாறும் அக்கா."

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிஸ்டர் அந்தக் கடைசி வாக்கியத்தை அசைபோட்டுக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகள் நிலவறையில் இருந்தன. நோயாளிகள் பெயரை எங்கும் எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துத் தலைமை மருத்துவரிடம் அனுமதி வாங்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. குமாஸ்தா சாவியைக் கொடுத்துவிட்டு, "எலி இருக்கும், பார்த்து" என்றதோடு சரி.

சேர்க்கைப் பதிவேட்டை எலி தொட்டிருக்கவில்லை. பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது தன் கையெழுத்தையே. ஏழு வருஷத்துக்கு முந்தைய, இன்னும் கொஞ்சம் வட்ட வட்டமான கையெழுத்து. திங்கள், காலை 9.20. இரண்டு வயதுப் பெண் குழந்தை, உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. 9.35. தையல்காரி, நாடி கிடைக்கவில்லை. அந்தத் தையல்காரி விரலில் ஊசி குத்தாமலிருக்கப் போடும் உலோகத் தொப்பியோடேயே வந்தாள், கழற்றக்கூட நேரமில்லை. மறுநாள் போய்விட்டாள். சிஸ்டர் பதிவேட்டை மூடினாள். பிறகு மறுபடி திறந்து எண்ணினாள்.

ஞாயிறு ஆறு பேர். திங்கள் நாற்பத்தொன்று. செவ்வாய் காலை ஆறு மணிக்குள் இன்னும் பதினொன்று. அண்ணன் பணியில் கால் வைக்கும் முன்பே ஐம்பத்தெட்டுப் பேர் வந்து படுத்திருந்தார்கள். அவள் கிழமை குழம்பவில்லை.

அண்ணனோ வெள்ளி முதல் திங்கள் வரை விடுப்பில், அண்ணியின் தம்பி வீட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வாந்தி எடுத்தவர்கள் சனியோ அதற்கு முன்போ அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணத் தெரிந்தவர்களுக்குப் போதும்.

இனி லாக் புக் மட்டும்தான் பாக்கி. தகவல் கேட்டு நீர்வாரியத்துக்கு மனுப் போட்டாள். பதில் இல்லை. நினைவூட்டினாள். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி வந்தது. மறுபடி நினைவூட்டினாள், இந்த முறை மேல்முறையீட்டு அதிகாரிக்கும் நகல் வைத்து. முப்பத்தொன்பதாம் நாள் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கிடங்குப் பதிவேட்டின் நகல், பணிநேர லாக் தாள்களின் நகல்.

உணவு இடைவேளையில், செவிலியர் அறையில் வைத்துப் பிரித்தாள். கிடங்குப் பதிவேடு முதலில். கடைசிக் குளோரின் உருளை கொடுக்கப்பட்டது முந்தின வாரம் புதன்கிழமை. அது தீர்ந்துவிட்டது என்று வெள்ளி, சனி, திங்கள் என மூன்று முறை நிலையத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று முறையும் அதே பதில்: இருப்பில் இல்லை. அடுத்த சரக்கு வந்தது மறு புதன் நண்பகல். அதாவது வெள்ளியிலிருந்து ஊருக்குப் போன தண்ணீரில் ஒரு பொட்டுக் குளோரின் இல்லை. திறக்க மறந்த வால்வு என்று ஒன்றே கிடையாது. திறந்தாலும் வருவதற்கு எதுவும் இல்லை. அவளுக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது.

அடுத்து லாக் தாள்கள். தண்ணீரைக் குப்பியில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சளின் ஆழத்தைப் பார்த்து, மிச்சமிருக்கும் குளோரின் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைத் தாள்: 0.5, 0.5, 0.5. சனி: 0.5. ஞாயிறு, திங்கள்: 0.5. செவ்வாய், காலை ஆறு முதல் இரண்டு வரை எட்டு முறை 0.5. கீழே அண்ணனின் கையெழுத்து, வழக்கமான வால் சுழியோடு.

குளோரினே இல்லாத தண்ணீரில் 0.5 எங்கிருந்து வந்தது?

ஏழு வருஷமாக அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்ன லாக் புக், அண்ணனே எழுதிய பொய். அன்று, அங்கேயே, நேரில் இருந்தவன் கையாலேயே பிறந்த காகிதம். அதுவும் பொய் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு தாளைக் கட்டிலிருந்து உருவிவிட்டால் போதும். மற்றதெல்லாம் அண்ணனுக்குச் சாதகம். உருவினால் கேட்பாரில்லை.

அவள் உருவவில்லை. மாலையில் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணி கதவைத் திறந்து, "வா, வா. முகமெல்லாம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்றாள். அண்ணன் சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தான். அவள் இரண்டு தாள்களையும் அவன் முன் அருகருகே வைத்தாள்.

"லாக் புக் கிடைச்சுதா?" பாய்ந்து எடுத்தான். "பார்த்தியா? நான் சொன்னேன்ல!"

"அந்தப் பக்கத்துத் தாளையும் பாரு அண்ணா."

பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சரக்கே இல்லாதப்போ இந்த எண் எப்படி வந்துச்சு?"

"எல்லாரும் எழுதியிருக்காங்க. நான் மட்டுமா?"

"எல்லாரையும் நான் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

"நீ யாரு கேக்கறதுக்கு?" எழுந்துவிட்டான். "ஊரே என்னைக் காறித் துப்பிச்சு. நீயாவது என் பக்கம் நிக்கறேன்னு நெனச்சேன். படிச்சுப் பட்டம் வாங்கறதுக்கு உன் அண்ணன்தான் கிடைச்சானா?"

"உன் பக்கம் நிக்கறதாலதான் உன்கிட்டயே வந்து கேக்கறேன். ஐம்பத்தெட்டுப் பேர் நீ வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க. அதை நான் எழுதறேன். யாரும் மறைக்க முடியாது. ஆனா இதையும் எழுதுவேன்."

"எழுதினா இந்த வாசப்படி மிதிக்காதே."

அண்ணி நடுவில் வந்து நின்றாள். "ஏழு வருஷமா இந்தத் தாளைப் பாரு, இந்தத் தாளைப் பாருன்னு சொன்னீங்க. இப்ப அவ பார்த்துட்டு வந்திருக்கா. பார்த்தது அவ தப்பா?" என்று கணவனைக் கேட்டாள். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சிஸ்டர் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினாள். முதல் பக்கத்திலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால், 'இந்த ஆய்வில் குறிப்பிடப்படும் ஆபரேட்டர் என் உடன்பிறந்த சகோதரர். வாசிப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கவும்' என்று எழுதினாள். பேராசிரியர் வரைவைப் படித்துவிட்டு அவளை அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை சிரிப்பில்லை.

"இதுல நீங்க எந்த சிஸ்டர்? ஆஸ்பத்திரி சிஸ்டரா, இல்ல அவனோட சிஸ்டரா?"

"ரெண்டும்தான் சார். அதனாலதான் முதல் பக்கத்துலயே போட்டேன்."

"சொந்த அண்ணனுக்காக வக்காலத்து வாங்கறது ஆராய்ச்சி ஆகாது."

"வக்காலத்து வாங்கறவ நாலாம் அத்தியாயத்தை எழுதியிருக்க மாட்டா சார். அவன் பொய்யா எழுதினதை நானே எடுத்துப் போட்டிருக்கேன்."

அவர் தாள்களைப் புரட்டினார். "கிடங்குப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு... இதெல்லாம் எங்கயும் வெளியாகாத காகிதம். அறிஞர்கள் பார்த்துச் சரின்னு சொன்ன நூல்களை விட்டுட்டு, நிலவறையில கிடந்த நோட்டை நம்பச் சொல்றீங்களா?"

"நம்பச் சொல்லல சார், போய்ப் பார்க்கச் சொல்றேன். எந்த அலமாரி, எந்தப் பக்கம்னு பின்னாடி எழுதியிருக்கேன். லாக் தாளும் நேரடி ஆதாரம்தான், அதையும் நான் அப்படியே நம்பல. கிடங்குத் தாளைப் பக்கத்துல வச்சுப் பார்த்தப்புறம்தான் அதோட குட்டு உடைஞ்சுது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ரெண்டாம் அத்தியாயத்தை எடுத்துடுங்க. அந்த அம்புப் படம். அதை எடுத்துட்டா நல்ல மதிப்பெண் போட்டு அனுப்பறேன். என் புத்தகத்தைக் குறை சொல்றதுக்கு இது இடமில்ல."

"குறை எதுவும் சொல்லல சார். பக்க எண்தான் சொல்லியிருக்கேன்."

"எடுக்க முடியாதுங்கறீங்க?"

"முடியாது சார். அது போனா, பன்னிரண்டு பேர் சொன்னது தப்பு, இவ ஒருத்தி சொல்றது சரியான்னு படிக்கறவங்க கேப்பாங்க. பன்னிரண்டு பேர் சொல்லவே இல்லைங்கறதைத்தான் அந்தப் படம் காட்டுது." கோப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கையெழுத்துப் போடலைன்னா, வேற நெறியாளர் கேட்டுத் துறைத் தலைவருக்கு எழுதறேன். ஏன் மாத்தறேன்னு காரணமும் எழுதுவேன்."

அவர் வரைவில் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்திப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அண்ணன் நின்றான். மழிக்காத முகம். உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "போன்ல பதிவு பண்ணுவியா?" என்று கேட்டான்.

"பண்ணுவேன். எழுத்தா எழுதி, நீ படிச்சுப் பார்த்துச் சம்மதிச்சாத்தான் சேர்ப்பேன்."

"சரி, போடு."

அவள் போட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். செவ்வாய் காலை பணிக்குப் போனதுமே உருளை காலி என்று தெரிந்துவிட்டது. சோதிக்கிற மருந்தும் தீர்ந்திருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் கேட்டான். வழக்கமாக எழுதுவதை எழுது, சரக்கு நாளைக்கு வந்துவிடும் என்றார் அவர். எழுதினான்.

"தண்ணியை நிறுத்தியிருக்க முடியாதா?" என்று கேட்டாள். தங்கையின் குரலில் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"முடியும். பெரிய வால்வு என் கைக்கு எட்டற தூரத்துலதான் இருந்துச்சு. நிறுத்தினா வேலை போயிடும்னு பயந்தேன். நிறுத்தாமலும் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "செவ்வாய்க்கிழமை குடிச்சவங்க எத்தனை பேர்னு உன் நோட்டுல இருக்கா?"

இருந்தது. செவ்வாய்க்குப் பிறகு வந்தவர்களின் எண்ணிக்கையை அவள் சொன்னாள். அவர்களில் யார் எந்த நாள் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பிரிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஆறுதலுக்காக ஒரு சொல் கூட்டவில்லை. அவன் தலையாட்டினான்.

அவன் சொன்னதை ஐந்தாம் அத்தியாயமாகச் சேர்த்தாள். கீழே ஒரு குறிப்பும் போட்டாள்: 'இது ஏழு ஆண்டுகள் கழித்து, இதில் நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஒருவர் சொன்னது. சரக்கு இல்லை என்பதைக் கிடங்குப் பதிவேடு உறுதி செய்கிறது. மேற்பார்வையாளர் சொன்னதாகக் கூறுவதற்கு இதுவரை வேறு ஆதாரம் இல்லை.' அண்ணன் அதைப் படித்தபோது முதலில் முகம் சுருங்கியது. "தங்கச்சியே நம்ப மாட்டேங்கறா, பாரு" என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தான். ஏழு வருஷத்தில் அவன் சிரித்து அண்ணி பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெண் தேர்வாளர் வந்திருந்தார். அம்புப் படத்தை மேசைமேல் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொரு அம்பாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் பேராசிரியர் பக்கம் திரும்பி, "இந்த வயசை நீங்க எங்கிருந்து எடுத்தீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பேராசிரியர் இருமினார். "அந்தச் சமயத்துல கிடைச்ச தகவல்..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே விட்டார். தேர்வாளர் சிஸ்டரிடம் ஒன்றரை மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டார். இரண்டு இடத்தில் அவள் கணக்குத் தவறு என்று காட்டித் திருத்தவும் வைத்தார். தேறினாள். நெறியாளர் என்ற முறையில் பேராசிரியர் போட்ட மதிப்பெண் மட்டும் மிகக் குறைவாக இருந்தது. அவள் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை.

ஆய்வேடு நூலக அலமாரிக்கு வந்த மாதமே ஒரு பத்திரிகையாளன் தொலைபேசியில் கூப்பிட்டான். "ஆபரேட்டர் நிரபராதின்னு தலைப்பு வச்சுடலாமா மேடம்? சுருக்கமா ரெண்டு வரி சொல்லுங்க."

"ரெண்டு வரியெல்லாம் கிடையாது. நிரபராதின்னும் நான் எங்கயும் எழுதல. நூலகத்துக்கு வந்து உட்கார்ந்து முழுசா படிங்க. பின்னாடி பதிவேட்டு நகல் எல்லாம் இருக்கு, அதையும் பாருங்க. பார்த்துட்டு உங்க கண்ணுக்குப் பட்டதை எழுதுங்க."

"அதுக்கெல்லாம் நேரம் இருக்காது மேடம்."

"அப்போ எழுதாதீங்க" என்று வைத்துவிட்டாள். மறுவாரம் அவன் வந்தான் என்று நூலகப் பெண் சொன்னாள். மூன்று மணி நேரம் இருந்தானாம். செய்தி வெளிவந்தபோது அதில் கிடங்குப் பதிவேட்டின் படமும் இருந்தது, அண்ணனின் எட்டு 0.5-களும் இருந்தன. தெருவில் சிலர் அண்ணனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். தையல்காரியின் கணவர் வந்து வாசலில் நின்று, திட்டவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் திரும்பிப் போனார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

நீர்வாரியம் வாய் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரி நிர்வாகத்திலிருந்து சிஸ்டருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. பிற துறையின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமைக்கு ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். மற்ற செவிலியர்கள் அதைக் கைமாற்றிப் படித்துவிட்டுப் பயந்துபோனார்கள். "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துடு, அதோட அடங்கிடும்" என்றாள் தலைமைச் செவிலி.

சிஸ்டர் ஏழு நாள் காத்திருக்கவில்லை. அன்று மாலையே விளக்கம் எழுதினாள். தலைமை மருத்துவரின் அனுமதிக் கடிதம் முதல் இணைப்பு. எந்த வரி தவறு என்று ஆதாரத்தோடு காட்டினால் அதே நூலகத்தில் திருத்தத்தைச் சேர்த்து வைக்கத் தயார் என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டாள். அத்தோடு விடவில்லை. சரக்கு இல்லாத அந்த ஆறு நாளில் நீர்வாரிய உயரதிகாரிகளுக்கும் நிலையத்துக்கும் இடையே போன கடிதங்கள், தொலைபேசிக் குறிப்புகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றின் நகலும் வேண்டும் என்று புதிய மனு ஒன்றையும் எழுதினாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அஞ்சலகத்துக்குப் போனாள். வரிசையில் அண்ணன் கூட நின்றான். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தான். சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அனுப்புநர் இடத்துல ரெண்டு பேர் இருக்கே, யாரு பேர்ல பதிவு பண்றது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரையும் போடுங்க" என்றான் அண்ணன்.

"பதில் வர நாளாகும்" என்றார் அவர், முத்திரை குத்திக்கொண்டே.

"போன தடவை முப்பத்தொன்பது நாள் ஆச்சு" என்றாள் சிஸ்டர். "வரலைன்னா மறுபடி இங்கதான் வருவோம்." ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, இடைவேளை முடியும் நேரமாகிவிட்டதென்று ஆஸ்பத்திரியை நோக்கி எட்டி நடைபோட்டாள்.